பதினான்கு நொடிக் குறட்டை

அத்தியாயம் 19

வாய்க்கால் மேட்டில் நேற்று சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டுப் பெரியவர்களில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் இதழ் கைக்கு வராதவர்களுக்காக ஒரு நடை சொல்லிவிடுகிறேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். மூத்தவன் குணசீலன் போர்வெல் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள் இருக்கிறான். டவர் கிடைத்தால்தான் அவன் கிடைப்பான். அவன் மனைவி தனப்பிரியா நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஒரே பெண் அகல்யா, ஒன்றாம் வகுப்பு. இளையவன் சந்தோஷ்குமார் கொடிக்காலைப் பார்த்துக்கொள்கிறான். வருகிற வியாழக்கிழமை அவனுக்கு உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யப்போகிறார்கள், பெண் திருச்செங்கோட்டுப் பக்கம். அதற்காகவே அக்கா சௌந்தர்யா ஒரு வாரம் முன்னாலேயே வந்து இறங்கி, வீட்டை இரண்டு படுத்திக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் மனசோ திருச்செங்கோட்டில் இல்லை. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிற தேவிப்ரியாவிடம் இருக்கிறது. வேறு சனம். அவளுடைய அப்பா சடையன் இவர்கள் கொடிக்காலிலேயே வெற்றிலை கிள்ளுகிறவர். மேலே சொல்ல வேண்டியதில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனவன், வீட்டில் சந்தேகம் வரக்கூடாதென்று அகல்யாவுக்கு ஐஸ்கிரீம் ஆசை காட்டி பைக்கில் கூட்டிப் போனான். பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்த்திவைத்தபடியே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று பேசினான். ஈர மண்ணில் ஸ்டாண்டு இறங்கியது. வண்டியோடு பிள்ளையும் சாய்ந்தாள். வாய்க்காலின் சிமெண்டுக் கரையில் இடது காதுக்கு மேலே அடி. ரத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம் ஐஸ்கிரீமும் சாப்பிட்டாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று தேவிப்ரியா தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"அதான் சிரிக்கறாளே" என்றான் சந்தோஷ்.

சிரிக்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று அவன் நினைத்தான். இன்று திங்கட்கிழமை.

* * *

காலையில் சடை பின்னும்போதே அகல்யா சிணுங்கினாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா. நோவுது."

"ஞாயித்துக்கெழமை முழுக்கத் தலை சீவாம ஆடுனா சிக்கு விழாம என்ன பண்ணும்? ஆடாம இரு சாமி."

சீப்பு இடது காதுக்கு மேலே போனதும் பிள்ளை வீலென்று கத்தினாள். தனப்பிரியாவின் கை நின்றது.

"என்ன கண்ணு? எங்கயாச்சும் உழுந்தயா?"

அகல்யா கண்ணாடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா."

"நெசமா?"

"உழுகலம்மா."

தனப்பிரியா நம்பினாள். நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. ரப்பரைத் தொலைத்தாலும், பக்கத்துப் பெண்ணைக் கிள்ளினாலும், பள்ளிக்கூட வேனைவிட்டு இறங்குவதற்குள் தானே சொல்லிவிடுகிற பிள்ளை அது. சடையைத் தளர்த்திப் பின்னி ரிப்பனைக் கட்டினாள்.

பால் குடித்த ஐந்தாவது நிமிடம் எல்லாம் யூனிஃபார்ம் மேலேயே வந்துவிட்டது. துடைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அதுவும் வந்தது. "தலை நோவுதும்மா, படுத்துக்கறேன்" என்று தரையிலேயே சுருண்டாள்.

சௌந்தர்யா அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காச்சல் இல்லை. நேத்து மத்தியானம் கோழியை எத்தனை உங்குனா? எலும்போட முழுங்குனா. அதேதான். தொக்கம்."

தொக்கம் என்றால் சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தின்ற பண்டம் செரிக்காமல் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் தொக்கம். அதை எடுப்பதற்கென்று ஊருக்கு ஒருவர் இருப்பார். வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, சிக்கியிருந்ததை வெளியே துப்பிக் காட்டுவார். அது எப்படித் தோலைத் தாண்டி வருகிறது என்று கேட்டால் வீட்டில் முறைப்பார்கள். எம்.எஸ்ஸி. படித்தவர்களும் பிள்ளை வாந்தியெடுத்தால் முதலில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். தனப்பிரியாவுக்கே சின்ன வயதில் இரண்டு முறை எடுத்திருக்கிறது.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டுக் காட்டிரலாமுங்களா நங்கை?" என்றாள். நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"டாக்டரு என்ன பண்ணுவாரு? வாந்திக்கு மருந்து எழுதுவாரு. உள்ளார நிக்கறது நின்னுட்டே இருக்கும். வியாழக்கெழமைக்கு லீவு வேணுமல்ல உனக்கு? இன்னைக்கும் போட்டீன்னா அந்த மேனேசரு தருவானா? நீ போ. நான் பெருமாயிகிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

எட்டு பத்து பஸ்ஸில் தனப்பிரியா ஏறினாள். ஏறுமுன் பிள்ளையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அகல்யா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று தனப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

* * *

சௌந்தர்யாவை வில்லி என்று சில வாசகிகள் கடிதம் எழுதுகிறீர்கள். அவள் குரல் அப்படி. ஆனால் ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையைத் தன் வயிற்றோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் காலை ஊன்றி ஊன்றி அவள் போனதைப் பார்த்திருந்தால் அப்படி எழுத மாட்டீர்கள். தம்பி மகள் என்றால் அவளுக்கு உயிர்.

பெருமாயி வீட்டு வாசலில் ஏற்கெனவே மூன்று பேர் பிள்ளைகளோடு நின்றார்கள். அகல்யாவின் முறை வந்தபோது அவள் தலை அத்தையின் தோளில் தொங்கிக் கிடந்தது. பெருமாயி வயிற்றைத் தடவினாள், வாய் வைத்து உறிஞ்சினாள், பித்தளைத் தட்டில் துப்பினாள். நார் நாராக இரண்டு துண்டு.

"பாருங்க சாமி, கோழிக்கறி."

"நான் சொன்னனல்ல!" என்றாள் சௌந்தர்யா, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து.

"இனி வாந்தி நிக்கும். ஊட்டுக்குப் போயித் தூங்கப் போடுங்க. தூங்கித் தெளிஞ்சாத்தான் சரியாவும். நடுவுல எழுப்பீராதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையைச் சௌந்தர்யா அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒன்பதரைக்குப் பிள்ளையைக் கட்டிலில் போட்டாள். ஃபேனைக் குறைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மிக்சிகூடப் போடாமல் சட்னிக்கு அம்மியில் அரைத்தாள். வாந்தி நின்றுவிட்டது. பெருமாயி சொன்னால் சொன்னதுதான்.

பதினொன்று இருபதுக்கு எட்டிப் பார்த்தபோது அகல்யா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய சத்தம். சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோனை எடுத்துப் பதினான்கு நொடி வீடியோ பிடித்து, ‘கொடிக்கால் குடும்பம்’ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: தொக்கம் எடுத்தாச்சு. அப்பனாட்டவே குறட்டை!

ஆபீசில் தனப்பிரியா பார்த்தாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சிரித்து உருள்கிற பொம்மையை முதலில் அனுப்பியவள் அவள்தான். அடுத்தடுத்து மாமா வீடு, பெரியம்மா வீடு, கரூரிலிருந்து மச்சினன் வீடு என்று சிரிப்பு வந்து குவிந்தது.

* * *

சந்தோஷ்குமார் விடிகாலை ஐந்து மணிக்கே வெற்றிலைச் சுமையோடு மண்டிக்குப் போய்விட்டான். வாந்தி அவனுக்குத் தெரியாது. தேவிப்ரியாவிடமிருந்து காலையிலிருந்து ஆறு செய்தி. பாப்பா எப்படி இருக்கா? சாப்பிட்டாளா? வாந்தி ஏதும் எடுத்தாளா? அவன் பார்க்காமலேயே ‘நல்லா இருக்கா’ என்று பதில் போட்டிருந்தான். நல்லா இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதைத்தான் அப்படிப் போட்டான்.

குரூப்பில் வீடியோவைப் பார்த்ததும் நிம்மதியோடு அதை அவளுக்குத் தள்ளினான். ‘பாரு, அத்தை பக்கத்துல ஜம்முன்னு தூங்கறா.’

அரை நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

"எப்பத்திருந்து தூங்கறா?"

"தெரியலை. தொக்கம் எடுத்துட்டு வந்து போட்டிருக்காங்க போல."

"எதுக்குத் தொக்கம்? வாந்தி எடுத்தாளா?"

"தொக்கம்னா வாந்தியாத்தான்…" என்றவன் பாதியில் நிறுத்தினான்.

அந்தப் பக்கம் அவள் குரல் மாறியிருந்தது. கொஞ்சல் இல்லை, கோபமும் இல்லை.

"அது தூக்கமில்லைங்க. மூச்சை எப்படி இழுக்கறா பாருங்க, நாக்கு உள்ளார உழுந்து அடைக்குது. உடனே ஊட்டுக்குப் போங்க. எழுப்பிப் பாருங்க. கிள்ளுங்க. எந்திரிக்கலைன்னா 108. ஃபோனைக் கட் பண்ணாதீங்க."

விற்காத சுமையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

* * *

"எதுக்குடா எழுப்பற? எழுப்பக்கூடாதுன்னு பெருமாயி சொல்லியிருக்குது!"

சௌந்தர்யா தடுக்க வந்தாள். அவன் கேட்கவில்லை. "அகி! அகிக்குட்டி! சித்தப்பாடா!" தோளை உலுக்கினான். கையைக் கிள்ளினான். பிள்ளை முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். இமையை விரலால் தூக்கிப் பார்த்தான். வலது கண்ணில் கருமணி சின்னதாக இருந்தது. இடது கண்ணில் கருப்பு அகலமாக விரிந்து கிடந்தது.

"அக்கா, இங்க வந்து கண்ணைப் பாரு."

சௌந்தர்யா குனிந்தபோதுதான் அகல்யாவின் வலது கை துடித்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கை, பிறகு வாயின் ஒரு ஓரம். மூன்று எண்ணுவதற்குள் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது.

"ஐயோ சாமி! வலிப்பு! சாவிய எடுடா, இரும்பு குடு கையில!" சௌந்தர்யா பீரோச் சாவிக்கொத்தைப் பிடுங்கிப் பிள்ளையின் கைக்குள் திணித்தாள். அது நிற்கவில்லை. "நாக்கைக் கடிச்சுக்குவாடா, ஸ்பூனு குடு!"

சந்தோஷின் சட்டைப் பையிலிருந்து ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் அதட்டியது.

"வாயில எதையும் வைக்காதீங்க! பல்லு ஒடஞ்சு உள்ளார போயிரும். தண்ணி ஊத்தாதீங்க. கையைக் காலை அமுக்கிப் புடிக்காதீங்க. அப்படியே ஒருக்களிச்சுத் திருப்புங்க, எச்சி வெளிய வடியட்டும். மணி என்ன, பாத்துக்கங்க!"

ஸ்பூனுக்காக நீட்டிய சௌந்தர்யாவின் கை அப்படியே நின்றது. "யாருடா இது?"

"அக்கா, அவ சொல்றதைச் செய்யி. உன்ற ஃபோனைக் குடு, 108 கூப்புடணும்."

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். சௌந்தர்யா தன் முந்தானையை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தாள். கழுத்துப் பட்டனை அவிழ்த்தாள். அந்தக் குரல் யாருடையது என்ற கேள்வி அவள் முகத்திலேயே இருந்தது, கைகள் மட்டும் குரல் சொன்னபடி நடந்தன. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு இழுப்பு நின்றது. பிள்ளை துவண்டாள். குறட்டை மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

சௌந்தர்யா ஆம்புலன்ஸைப் பார்க்க வாசலுக்கு ஓடினாள். சந்தோஷ் ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதில் வைத்தான்.

"ஆஸ்பத்திரியில நேத்து உழுந்ததை மொதல்ல சொல்லுங்க" என்றாள் தேவிப்ரியா. "மறைச்சீங்கன்னா மூளைக்காச்சலான்னு, வெசமான்னு வேற எதையாச்சும் தேடிட்டு இருப்பாங்க. ஒவ்வொரு நிமிசமும் அவளுக்கு வேணும். என்ற பேரைச் சொன்னாலும் சரி. சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றான்.

சொன்னானா? ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டே அந்த ஊழியர் தெளிவாகக் கேட்டார்: "புள்ளை எங்கயாச்சும் உழுந்துச்சுங்களா?" "இல்லைங்க, தொக்கம் எடுத்தோம், அவ்ளோதான்" என்று சௌந்தர்யா அழுதாள். சந்தோஷ் வாயைத் திறந்தான், மூடினான். அக்காவுக்கு முன்னால் வேண்டாம், போனதும் டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தான். இந்தக் கதையை எழுதுகிற எனக்கே அந்த இடத்தில் அவனை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலிருக்கிறது.

* * *

ஃபோன் வந்ததும் ஓடிவந்த தனப்பிரியா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடினாள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கச் சொன்னார். கேள்விகள் சரசரவென்று வந்தன. எப்ப வாந்தி, எத்தனை தடவை, வலிப்பு எவ்வளவு நேரம், எந்தக் கையில முதல்ல, வீட்டுல பூச்சிமருந்து ஏதாவது வெச்சிருக்கீங்களா?

"கொடிக்காலுக்கு அடிக்கற மருந்து இருக்குதுங்க, ஆனா பூட்டித்தான் வெச்சிருக்கோம்" என்றாள் சௌந்தர்யா.

"தலையில அடி? கீழ விழுந்தாளா?"

"இல்லைங்க டாக்டர்." தனப்பிரியா அடித்துச் சொன்னாள். "காலைல நானே கேட்டேன். உழுகலைன்னு சொன்னா. என்ற புள்ளை எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா."

அந்த நம்பிக்கையை சந்தோஷால் தாங்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் வராத சொல் அங்கே வந்தது.

"உழுந்தாங்க டாக்டர்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நேத்து சாயங்காலம். அஞ்சே முக்காலுக்கு. பைக் சாஞ்சு, வாய்க்கால் சிமெண்டுல. இடது காதுக்கு மேல. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

டாக்டர் சடையை ஒதுக்கிக் காதுக்கு மேலே விரலால் அழுத்தினார். முடிக்கடியில் மெத்து மெத்தென்று வீங்கியிருந்தது. நிமிர்ந்து நர்சைக் கூப்பிட்டார்.

"தலை ஸ்கேன், இப்பவே. மேல தியேட்டருக்கு ஃபோன் போடு. சர்ஜன் சார் அடுத்த கேசுக்குள்ள போயிட வேண்டாம்னு சொல்லு. கொழந்தைக்கு அடி பட்டுப் பத்தொன்பது மணி நேரம் ஆச்சுன்னு சொல்லு."

ஸ்ட்ரெச்சர் உருண்டது. தனப்பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். சௌந்தர்யாதான் தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"வாய்க்காலுக்கு எதுக்குடா போன? ஃபோன்ல பேசுச்சே, அதுக்கா?"

"ஆமா."

"யாரு மவ?"

"சடையண்ணன் மவ."

சட்டையிலிருந்து அவள் கை தானாக இறங்கியது. வியாழக்கிழமை, திருச்செங்கோடு, உப்பு, சர்க்கரை, எல்லாம் அவள் கண்ணுக்குள் ஓடி முடிந்தன. வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த வராந்தா இரண்டாகியிருக்கும். இன்று அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

* * *

மண்டை ஓட்டுக்கும் மூளையை மூடியிருக்கும் ஜவ்வுக்கும் நடுவே ரத்தம் கட்டி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. சர்ஜன் படத்தில் காட்டினார். வெள்ளையாக, எலுமிச்சை அளவுக்கு.

"இந்த மாதிரி அடியில பிள்ளைங்க முதல்ல நல்லாத்தான் இருப்பாங்க. விளையாடுவாங்க, சாப்பிடுவாங்க. உள்ள கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் சேரும். அப்புறம் வாந்தி, தலைவலி, தூக்கம். அந்தத் தூக்கத்தைத்தான் எல்லாரும் ஏமாந்து நல்ல தூக்கம்னு நெனச்சுடுவாங்க. இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டிருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரு எழுப்பிப் பார்த்தது?"

எல்லாருடைய பார்வையும் சந்தோஷ் மேல் போனது. அடியும் அவனால், உயிர் தங்கினால் அதுவும் அவனால். அவனைத் திட்டுவதா, விடுவதா என்று தனப்பிரியாவுக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

தியேட்டர் கதவு மூடியது.

குணசீலனுக்கு இருபது முறை அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றே வந்தது. மெசேஜ் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சௌந்தர்யாவின் ஃபோன் டிங் டிங் என்று கூவிக்கொண்டே இருந்தது. தாராபுரத்துப் பங்காளி வீட்டிலிருந்து இப்போதும் சிரிக்கிற பொம்மை. சௌந்தர்யா வீடியோவை அழித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் எழுப்பலையே தனம். ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே இருந்தனே. பெருமாயி எழுப்பாதீங்கன்னுச்சுன்னு ஃபேனைக்கூடக் கொறச்சு வெச்சனே."

"நானும்தானுங்க நங்கை பஸ் ஏறிப் போனேன்" என்றாள் தனப்பிரியா. "மொத சிரிப்பு நாந்தானே அனுப்புனேன்."

இரண்டு பேரும் அழுதார்கள். ஒரே குடும்பத்தில் எட்டு வருஷமாக இருந்தும் அவர்கள் சேர்ந்து அழுதது இதுதான் முதல் முறை.

நாலு மணிக்குமேல் தனப்பிரியா எழுந்து வராந்தாக் கடைசியில் நின்றவனிடம் போனாள்.

"ஏன் தம்பி நேத்தே சொல்லலை?"

"பயமுங்கண்ணி."

"எதுக்கு? புள்ளைக்கு என்னமோ ஆயிருமுன்னா? இல்ல, உங்க சங்கதி வெளிய வந்துருமுன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். அதுவே பதில்தான். தனப்பிரியா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆனால் அவளை அரித்தது அவன் மறைத்தது அல்ல. ஆம்பளைகள் மறைப்பார்கள், அதை இந்த வீட்டில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அகல்யா எப்படி மறைத்தாள்? சீப்பு பட்டதற்கே கத்திய பிள்ளை, ‘உழுகலம்மா’ என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னதே, எதற்காக? நான் அடிப்பேன் என்று பயந்தாளா? நான் அடித்ததே இல்லையே. இந்த யோசனை அவளை ஒரு நிமிடம்கூடச் சும்மா விடவில்லை.

* * *

ஏழு மணிக்கு சர்ஜன் வந்தார். முகமூடியைக் கழற்றும்போதே "உயிருக்குப் பயமில்லை" என்று சொன்னார். சௌந்தர்யா அவர் காலைத் தொடப் போனாள், அவர் பின்வாங்கினார்.

"கட்டியை எடுத்தாச்சு. வலது கையை மட்டும் இன்னும் அசைக்கலை. வரலாம், நேரமும் ஆகலாம். இப்போதைக்கு உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன். முழிச்சுட்டா. அம்மா மட்டும் உள்ள வாங்க. பேசறாளான்னு பார்க்கணும்."

கட்டிலில் அகல்யா பாதியாக இருந்தாள். தலை முழுக்க வெள்ளைக் கட்டு. காலையில் பின்னிய சடை இல்லை. தனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுத்தாள். பிள்ளை பார்க்கிறாள்.

நர்ஸ் குனிந்தாள். "பாப்பா, உன் பேரு என்ன?"

"அகல்யா." குழாய் போட்டு எடுத்த தொண்டை கரகரத்தது.

"இது யாரு?"

"அம்மா."

"சமத்து. தலையில எப்படி அடி பட்டுச்சுன்னு ஞாபகம் இருக்குதா? சொல்லு பாக்கலாம்."

நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்விதான். அகல்யாவின் கண்கள் நர்சை விட்டு அம்மாவிடம் வந்தன.

"நான் உழுகல."

"பரவால்ல சாமி. அம்மாவுக்குத் தெரியும். அம்மா திட்ட மாட்டேன்."

"இல்ல. உழுகவே இல்ல." கட்டுப் போட்ட தலையை ஆட்டப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. "உழுந்தேன்னு சொன்னா சித்தப்பா செத்துப் போயிருவாங்கம்மா. அவங்க தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறேன்."

நர்ஸ் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். தனப்பிரியா அசையாத அந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். ஆறு வயது. நேற்று சாயங்காலத்திலிருந்து, தலைக்குள் ரத்தம் ஏற ஏற, வாந்தி எடுத்துக்கொண்டே, சித்தப்பா சாகக்கூடாதென்று இந்தப் பிள்ளை தனியாகப் பாடுபட்டிருக்கிறது. வீட்டில் அத்தனை பெரியவர்கள் இருந்து என்ன பிரயோஜனம்?

"சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. இங்கதான் இருக்கறாங்க. நீ தூங்கு" என்றாள். சொன்ன பிறகுதான் கடைசி வார்த்தை உறைத்தது. "மணிக்கு ஒரு தடவை அம்மா எழுப்புவேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது சந்தோஷ் கதவருகிலேயே நின்றான்.

"பேசறாளுங்களா அண்ணி? என்ன சொன்னா?"

தனப்பிரியா அவனை நேராகப் பார்த்தாள். ஒரு சொல்லில் அவனைத் தரைமட்டமாக்கலாம். அவள் பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னாள்.

"உழுந்தேன்னு சொன்னா நீங்க செத்துப் போயிருவீங்களாமா. அதனால இன்னும் உழுகலைன்னுதான் சொல்றா."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சத்தமாக அழுதான். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சௌந்தர்யா எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்தாள்.

தனப்பிரியாவின் கையில் ஃபோன் அடித்தது. குணசீலன். காட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறான், செய்தியைப் பார்த்திருக்கிறான். பச்சையை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தனம்! புள்ளைக்கு என்னாச்சு? அடி எப்படிப் பட்டுச்சு? யாரு கூட்டிட்டுப் போனது? சொல்லு தனம்!"

அவள் குனிந்து, ஃபோனைச் சந்தோஷின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"புள்ளை இனி உங்களுக்காகப் பொய் சொல்லக்கூடாது தம்பி. நீங்களே பேசுங்க."